புரட்டாதிச் சனியில் மாட்டிறைச்சி

ஞாயிறு, ஒக்டோபர் 5

காற்று. பின்வளவு வேலிப் பலகை ஒன்று கழன்று பக்கத்து வீட்டு ரோசாச்செடிக்கு மேலே. போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்றைக்கு ஏலாது.

மாதா கோயில் பூசையால் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினேன். போன். கனடா நம்பர். தம்பி ரெஜி.

"அக்கா, ஹரோவில ஒரு கலியாணம். மனுசியின்ர பக்கத்தில. புதன் வந்து ஞாயிறு திரும்பிறன்."

அதோடு நிறுத்திவிட்டான். நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஹரோவுக்கு வருகிறவன் லண்டனின் மற்றப் பக்கம், எட்மண்டனில் இருக்கிற எங்களிடமும் வரவேண்டுமென்று சட்டமில்லை. நான் சைவக்காரனைக் கட்டிய நாளிலிருந்து இந்த வாசல்படியை மிதிக்காதவன். இதற்கு முதல் இரண்டு தரம் லண்டனுக்கு வந்தவன், அப்போதும் மிதிக்கவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகுதான் போனிலாவது கதை.

"வெள்ளி பின்னேரம் வரட்டோ, சனி மத்தியானம் வரட்டோ?"

"சனி வா" என்றேன். யோசிக்கவே இல்லை. வெள்ளி என்றால் நான் மச்சமாமிசம் தொடுவதில்லை. இத்தனை வருசத்துக்குப் பிறகு வருகிறவனுக்குப் பருப்பும் சோறும் கொடுத்து அனுப்பவா?

"மாட்டிறைச்சி சுட்டுத் தருவியோ?"

சிரித்தானா, குத்தினானா, தெரியவில்லை. நான் கலியாணம் கட்டினபோது அவன் சொன்னது: "மாட்டிறைச்சி சமைக்க ஏலாத வீட்டில எனக்கென்ன வேலை?" அந்தச் சொல் இன்னும் காதுக்குள் இருக்கிறது.

"தருவன்" என்றேன்.

இனி இவரிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

திங்கள், ஒக்டோபர் 6

மழை. காலை ஷிப்ட். இரண்டு பேர் வரவில்லை, அவர்களின் வேலையும் என் முதுகில். முதியோர் இல்லத்தில் இன்று மத்தியானம் அரைத்த மாட்டிறைச்சி, அரைத்த கரட், அரைத்த கிழங்கு. தட்டில் மூன்று நிறத்தில் மூன்று உருண்டை. மூலை அறைக் கிழவர் கபில உருண்டையைக் கரண்டியால் தொட்டு, இது என்ன என்று கேட்டார். மாட்டிறைச்சி என்றேன். "பொய் சொல்லாதே பெண்ணே" என்றார். சிரிப்பு வந்தது. பிறகு ஒரு மாதிரி இருந்தது.

வீடு. இவர் பெற்றோல் ஸ்டேசனில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து வெந்நீர் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ. ரெஜி வாறானாம்."

"ஆர்?"

"என்ர தம்பி."

வாளித் தண்ணீர் கொஞ்சம் வெளியே சிந்தியது. "எப்ப?"

"சனி. மாட்டிறைச்சி சுட்டுத் தரட்டாம்."

காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சனியோ?"

"ஓம்."

"சரி. வெளியில சுடும்."

அவ்வளவுதான். சண்டை பிடித்தால் நானும் பிடிப்பேன், மனம் ஆறும். இந்த மனிதர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதுதான் கரைச்சல். கட்டின புதிதில் ஒருதரம் மாட்டுக்கறி வைத்தேன். பருப்பும் சோறும் போட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கதவுப் படியில் போய் இருந்து சாப்பிட்டார். ஜனவரி மாதம். மூக்கால் வடிய வடியச் சாப்பிட்டார். அடுத்த நாள் அந்தச் சட்டியைத் தோட்டத்துக் கொட்டிலில் கொண்டுபோய் வைத்தவள்தான் நான்.

அதற்குப் பிறகு மாட்டிறைச்சி என்றால் எமில்டா அக்கா வீட்டில், திருநாளுக்கு, விருந்தாளியாக. கோழியும் ஆடும் இவரும் சாப்பிடுவார். வெள்ளியில் இரண்டு பேருக்கும் மரக்கறி. வெள்ளியில் மட்டும் இந்த வீட்டில் இரண்டு சமயமும் ஒற்றுமை.

செவ்வாய், ஒக்டோபர் 7

மப்பு. முழங்கால் நோ.

வேலை முடிந்து சுப்பர்மார்க்கெற். ஸ்டேக் கடதாசி மாதிரி மெல்லிசு. விலையைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின பெட்டி ஒன்று இருந்தது, அது ஏற்கெனவே கறுக்கத் தொடங்கியிருந்தது. தம்பிக்குக் கொடுக்கிற சாமானா அது.

எமில்டா அக்காவுக்குப் போன். எங்கள் பங்குக் கோயிலில் திருநாள் என்றால் இறைச்சிப் பொறுப்பு அவதான். மனுசன் போன பிறகும் தோட்டத்தில் தனியே நின்று சுடுகிறவ. முதலில் அரைமணித்தியாலம் நக்கல்: "வாறது தம்பியோ, பிஷப்போ?" பிறகு சொன்னதைச் சுருக்கி எழுதி வைக்கிறேன்:

– சுப்பர்மார்க்கெற்றில் துண்டு வாங்காதே. பெட்டிக்கும் பிளாஸ்டிக்குக்கும் சேர்த்துத்தான் காசு.

– இறைச்சிக்கடையில் ரம்ப், அதுதான் பின்தொடை, முழுக்கட்டியாக. மேலே தொப்பி போட்ட மாதிரிக் கொழுப்பு இருக்க வேண்டும். கட்டியாக வாங்கினால் மலிவு. கடையில் வெட்டவிடாதே. வீட்டில் நீயே இரண்டு விரல் தடிப்பில் வெட்டு.

– கழுவாதே. மஞ்சளும் பூசாதே. துடை.

– உப்பு முதல்நாள். மிளகு, உள்ளி எல்லாம் பிறகு.

– கரி வெள்ளையாய்ச் சாம்பல் பூக்குமட்டும் இறைச்சியை வைக்காதே.

– சுட்ட உடனே வெட்டாதே. ஆறவிடு.

"கழுவாமல் எப்பிடியக்கா?"

"நெருப்புக் கழுவும், பிள்ளை."

லீட்ஸில் படிக்கிற மகளுக்கும் செய்தி அனுப்பினேன், மாமா வருகிறார் என்று. பதில்: ஒரு அழுகிற முகம், ஒரு மாடு, "அம்மா டோன்ட் வாஷ் த ஸ்டேக்". எல்லோரும் என்னை என்ன நினைக்கிறார்கள்?

புதன், ஒக்டோபர் 8

தம்பியிடமிருந்து "வந்திட்டன்" என்று ஒரு சொல். பின்னேரம் இன்னொன்று: "சனி இஞ்ச ஒரு சாப்பாடு இருக்காம். பாப்பம்."

பாப்பம். எங்கள் ஆட்களின் "பாப்பம்" எனக்குத் தெரியும். முக்கால்வாசி இல்லை என்றுதான் அர்த்தம்.

பஸ்ஸில் ஒருத்தி போனில்: "நான் வாறனெண்டும் சொல்லேல்ல, வரமாட்டனெண்டும் சொல்லேல்ல." எங்கள் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியவள்.

கொட்டிலில் இருந்து பார்பிகியூ அடுப்பை இழுத்து வெளியே எடுத்தேன். மகள் பள்ளிக்கூடம் முடித்த வருசம் கோழி சுட வாங்கினது. கறள் பிடித்த கம்பி. சிலந்தி. தேய்த்துத் தேய்த்துத் தோள் போச்சு. அந்தப் பழைய சட்டியும் அங்கேயே கிடந்தது, மூடியோடு.

ஜெபமாலை சொல்லாமல் படுக்கப் போகிறேன். மாதாவுக்குத் தெரியும் நான் படுகிற பாடு.

வியாழன், ஒக்டோபர் 9

நல்ல வெயில். இன்று செய்த மடத்தனத்தை எழுதத்தான் வேண்டும்.

ஷிப்ட் முடிந்து நேரே எட்மண்டன் கிரீன் சந்தை. வருசக்கணக்காக ஆட்டிறைச்சி வாங்குகிற துருக்கிக் கடை. அங்கே நிற்கிற பெடியன் எல்லாத் தமிழ்ப் பெண்களையும் அக்கா என்பான். ரம்ப் கட்டி ஒன்றைக் காட்டினேன். என்ன அழகு! எமில்டா அக்கா சொன்ன மாதிரியே மேலே வெள்ளைத் தொப்பி. நிறுத்தான். சுப்பர்மார்க்கெற் விலையில் பாதிக்குக் கொஞ்சம் கூட. சந்தோசம் பொங்கியது. நான் கூட ஒரு காரியத்தைக் கெட்டித்தனமாய்ச் செய்கிறேனே என்று.

அந்த நேரம் பார்த்து மனேஜர் போன். சனி வரமுடியுமா, ஆளில்லை, நீ எப்போதும் உதவுகிறவள் அல்லவா என்று இழுக்கிறா. ஏலாது, குடும்ப விசயம் என்று நான் மன்றாடிக்கொண்டிருக்க, பெடியன் கத்தியைத் தூக்கிப்பிடித்து, "கறி, அக்கா?" என்றான்.

தலை தன்பாட்டில் ஆடியது. வருசக்கணக்காய் அந்தக் கடையில் அந்தக் கேள்விக்கு ஆடின தலை.

டக், டக், டக். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என்ர ரம்ப் முழுவதும் பெருவிரல் அளவுத் துண்டு. சூப்புக்கு என்று சிரித்துக்கொண்டு எலும்பு வேறு சும்மா போட்டான். அவனில் ஒரு பிழையும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இன்னொரு கட்டி வாங்கக் கையில் காசில்லை.

பஸ்தரிப்பில் நின்று அழுதேன். இறைச்சிக்கு யாராவது அழுவார்களா? களைப்பு. ஆனால் களைப்பு மட்டும் இல்லை. அவன் வராமல் விட்டால் அது அவனின் பிழை. வந்து இதைப் பார்த்து, "உனக்கு மாட்டிறைச்சியே மறந்துபோச்சு" என்று சொன்னால் அது உண்மையாகிவிடும்.

எ. அக்காவுக்குச் சொன்னேன். இருமல் வருமட்டும் சிரித்தா. "கம்பியில குத்து. நெருப்பைக் கூட்டு, நேரத்தைக் குறை. துண்டில என்ன இருக்கு? மாடு மாடுதான்."

வீட்டுப் பிரிட்ஜில் வைக்க மனம் வரவில்லை. கொட்டிலில், ஐஸ்பெட்டியில், அடியில் ஐஸ், மேலே ஐஸ்.

வெள்ளி, ஒக்டோபர் 10

குளிர். ஐஸ் மாற்றப் போனேன். கொட்டில் கதவில் நரி பிறாண்டின அடையாளம். பெட்டி மூடியின் மேல் ஒரு செங்கல் இருந்தது. நான் வைக்கவில்லை.

குசினிக்குள் இரண்டு கலண்டர். என்னுடையது பங்குக் கோயில் தந்தது, பிரிட்ஜ் கதவில். இவருடையது முருகன் கோயில் தந்தது, சாமித்தட்டுக்குப் பக்கத்தில். இருபது வருசமாக என் கலண்டரை மட்டும்தான் பார்த்து வருகிறேன். இன்று அகப்பை எடுக்கப்போய்த் தற்செயலாகப் பார்த்தேன். நாளைக்கு: புரட்டாதிக் கடைசிச் சனி. நான் போன சனியோடு முடிந்துவிட்டது என்றிருந்தேன்.

தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். புரட்டாதிச் சனி ஒன்றிலும் சனீஸ்வர விரதத்தை இவர் தவறவிட்டதில்லை. காலையில் வெறும் வயிறு, கோயில், எள்ளெண்ணெய் விளக்கு, வந்து காகத்துக்குச் சோறு வைத்து, அது தின்ற பிறகுதான் தான் தின்பார், ஒரு நேரம், மரக்கறி. என் வெள்ளியைக் காப்பாற்றப் போய் இவரின் சனியில் மாட்டைக் கட்டிவிட்டேன். "சனியோ?" என்று கேட்டாரே. அது இதுதான்.

"ஏன் சொல்லேல்ல?"

"தம்பி வாறானெண்டு சொன்னீர். நாள் பாத்தோ வாறது?"

"எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே!"

"இப்ப என்ன. நான் கோயில்லயே சாப்பிட்டிட்டுப் பிந்தி வாறன். நீங்கள் ரெண்டுபேரும் இருந்து கதையுங்கோ."

கோபம் வந்தது. பெருந்தன்மை பெரிய கரைச்சல், எதிர்த்துப் பேச இடம் தராது. ரெஜி வருகிற நேரம் இவர் இல்லை என்றால் அவன் என்ன நினைப்பான்? தன்னைக் கண்டு ஓடினதாகத்தான். அதோடு முடிந்தது, இனி இந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டான். கத்தினேன். "நீங்கள் வீட்டில நிக்காட்டி அவன் வந்தும் வராத மாதிரித்தான். எனக்கு ரெண்டுபேரும் வேணும்!"

பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். ரோசாவுக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறபோது இதற்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

இவர் தேத்தண்ணி போட்டு எனக்கும் ஒன்று வைத்தார்.

நாளை மாற்றுவோமா என்று தம்பிக்கு எழுதி, அழித்தேன். மாற்றினால் வராமலே விட்டுவிடுவான்.

கொட்டிலுக்குள் நின்று இறைச்சியைத் துடைத்து உப்புப் போட்டேன். கழுவவில்லை. கை கழுவு கழுவு என்று துடித்தது.

சனி, ஒக்டோபர் 11

தூறல். விட்டு விட்டு.

விடிய எழும்பிக் குளித்து, முதலில் இவரின் சமையல். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம். எல்லாம் மூடி வைத்துவிட்டுத்தான் வெளியே போய் மற்றதைத் தொட்டேன். மிளகு, உள்ளி, தேசிக்காய். கம்பியில் குத்திக் குத்தி விரலிலும் ஒன்று.

இவர் கோயிலுக்குப் போய்விட்டார். வருவேன் என்றும் சொல்லவில்லை. தம்பியிடமிருந்தும் சத்தமில்லை. இரண்டு ஆண்கள், இரண்டு பேரும் ஊமை. கரியை மூட்டினேன். யார் வந்தாலும் வராவிட்டாலும் நெருப்புக்கு நான் வேண்டும்.

கரி வெள்ளையாய்ப் பூக்கிற நேரம் பெல் அடித்தது.

ரெஜி. தலை முழுக்க நரை, வயிறு, கையில் சொக்கிலேற் பை. படியில் நின்று நிலத்தைப் பார்த்தான். பிறகு ஒரு சப்பாத்தைக் கழற்றினான், மற்றது கழறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து இழுத்தான்.

"காலுக்கு என்னடா?"

"ஒண்டுமில்லை."

உள்ளே வந்தான். வந்துவிட்டான். கட்டிப்பிடித்து அழலாம் என்று எவ்வளவு நாள் நினைத்திருப்பேன். "கரி அணையப்போகுது, பின்னால வா" என்றேன்.

குடையை என்னிடமிருந்து வாங்கி அடுப்புக்கு மேலே பிடித்தான். கம்பிகளைப் பார்த்தான்.

"ஸ்டேக் இல்லையோ?"

"கறிக்கு வெட்டிப்போட்டான்."

"நீ தலையாட்டியிருப்பாய்."

கூடப்பிறந்தவன் கூடப்பிறந்தவன்தான்.

முதல் கம்பிகளை எடுத்து ஆறவிட்டுத் தட்டை வேலிப்பக்கத்து மேசையில் வைத்தேன். பின்கதவு திறந்தது. இவர். நெற்றியில் திருநீறு, கையில் வாழையிலைத் துண்டில் சோறு. பிந்தி வரவில்லை.

"வாங்கோ" என்றார்.

"ஓம்" என்றான்.

அதோடு இரண்டு பேருக்கும் தமிழ் முடிந்துவிட்டது. இவர் வேலிக்கட்டையில் சோற்றை வைத்துவிட்டுக் காகத்துக்காக நின்றார். ரெஜி குடையோடு நின்றான். மழை. புகை. எனக்கு இறைச்சியைத் திருப்புவதா, இவர்களைத் திருப்புவதா என்று தெரியவில்லை.

காகம் வந்தது. இந்த ஊர்க் காகம், கோழி அளவு. வேலியில் இருந்து சோற்றைப் பார்த்தது. தலையைச் சரித்தது. பிறகு மேசைக்குப் பாய்ந்து ஒரு துண்டு மாட்டிறைச்சியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது.

கடைசிச் சனி, சனீஸ்வரனின் வாகனம், என் வீட்டு மாடு.

இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "அவருக்கு என்ன வேணுமெண்டு அவருக்குத் தெரியும். இனி நான் சாப்பிடலாம்."

ரெஜிதான் முதலில் சிரித்தான். குடை ஆடி மழைத்தண்ணி கரியில் விழுந்து சீறியது. இவரும் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். இந்த மனிதர் இப்படிச் சிரித்து எத்தனை வருசம்.

தம்பிக்குத் தட்டை நீட்டினேன். ஒரு துண்டு எடுத்து மென்றான், கண்ணை மூடிக்கொண்டு. "நல்லாயிருக்கக்கா. அம்மான்ர கை." தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"ஏன்டா?"

"யூரிக் அசிட். டொக்டர் இறைச்சி தொடக்கூடாதெண்டு சொல்லிப்போட்டார். அதுதான் இந்தக் கால்."

"பின்னை என்ன மண்ணுக்கு மாட்டிறைச்சி கேட்டனி?"

"வேறென்னத்தைக் கேக்கிறது? சண்டை பிடிச்சதும் அதிலதானே."

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புகை என்று சொல்லலாம்.

உள்ளே மேசையில் இருந்து அவர்கள் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். ஜன்னலால் கேட்டது: "அத்தான், அந்தக் கத்தரிக்காயை இஞ்சால தாங்கோ." அத்தான். இருபது வருசமாய் "அந்தாள்".

நான் வெளியே நின்று சாப்பிட்டேன், குடைக்குக் கீழே. கொழுப்பு ஓரம் கருகி, உள்ளே சாறோடு, உப்பும் மிளகும் அளவாய். எ. அக்காவினுடையதை விடத் திறம், சத்தியமாய். ஒரு கிழமை முழுக்க இவ்வளவு பாடு பட்டு, கடைசியில் தின்றது நானும் காகமும்.

பின்னேரம் டக்ஸி. படியில் வைத்து, "அடுத்த முறை வெள்ளியில வாறன், ஒருத்தருக்கும் கரைச்சலில்லை" என்றான். சப்பாத்தைப் போட இவர் குனிந்து உதவினார்.

ஞாயிறு, ஒக்டோபர் 12

வெயில், ஆனால் காற்றுக் கடிக்கிறது. பூசை. தம்பி விமானம் ஏறிவிட்டான். "ஏறிட்டன்." ஒரு சொல்தான், போகட்டும்.

உடம்பு முழுக்க நோ. நாளைக்குக் காலை ஷிப்ட். பக்கத்து வீட்டுக்கு இன்னும் போகவில்லை.

மிச்ச இறைச்சி ஐஸ்பெட்டியில், வெள்ளித்தாளில் சுற்றினபடி. பசித்தது. பாணுக்குள் நாலு துண்டு வைத்து, பின்கதவைத் திறந்து படியில் இருந்து சாப்பிட்டேன். ஆறினாலும் ருசி. மூக்கால் வடிந்தது. இவர் மேசையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஜெசி."

"என்ன?"

"உள்ள வந்து இருந்து சாப்பிடும். கதவைச் சாத்தும், ஹீற்றிங் எல்லாம் வெளியில போகுது."

பாணோடு உள்ளே வந்து சாத்தினேன்.